தொடர், தாமதம், ஞாபகம்

மெதுவாகத் தொடங்குகிற தொடரை எதுவரை பின்தொடர்வது என்ற பிரச்னை டெலிவிஷனுக்கு முந்தியது. 1836இல் சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' லண்டனில் மாதம் ஒரு பகுதியாக வெளிவரத் தொடங்கியபோது ஆரம்பப் பகுதிகள் சில நூறு பிரதிகளே போயின. இரண்டாம் பகுதிக்கான வேலையின் நடுவில், படங்கள் வரைந்துவந்த ராபர்ட் ஸெய்மூர் தற்கொலை செய்துகொண்டார். நாலாம் பகுதியில் ஸாம் வெல்லர் என்ற வேலைக்காரன் கதைக்குள் வந்து சேர்ந்தான். விற்பனை ஏறத் தொடங்கியது. முடிகிற தறுவாயில் அது 40,000 பிரதிகளை எட்டியிருந்தது. இதைப் பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். எனக்கு இந்தச் சாட்சியத்தில் நம்பிக்கை குறைவு. மூன்றாம் பகுதியோடு நின்றுபோன தொடர்களுக்குச் சரித்திரம் கிடையாது. ஜெயித்த தாமதங்களை மட்டும் பொறுக்கியெடுத்து அடுக்கிவிட்டு, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடிப்பது விமர்சனமாகாது.

காத்திருக்கத் தகுந்த தாமதத்தை, அது பலன் தருவதற்கு முன்னாலேயே, அடையாளம் கண்டுகொள்ள முடியுமா? கேள்வி இதுதான். ஒரு விஞ்ஞானக் கதைத் தொடரை முன்வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

'பாபிலன் 5' அமெரிக்கத் தொடர். ஜே. மைக்கேல் ஸ்ட்ரஸின்ஸ்கி உருவாக்கியது. முன்னோட்டப் படம் 1993 பிப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. வாராந்தரத் தொடராக 1994 ஜனவரியில் தொடங்கி 1998 நவம்பரில் முடிந்தது. ஸீஸனுக்கு 22 பகுதிகள் வீதம் ஐந்து ஸீஸன்கள், மொத்தம் 110. விளம்பரங்களைக் கழித்தால் ஒவ்வொரு பகுதியும் முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. ஆகமொத்தம் ஏறக்குறைய 80 மணி நேரம். இந்த நேரத்தில் ஒருவன் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' வாசித்து முடித்துவிடலாம். மிச்ச நேரத்தில் அதைப் பற்றி நண்பர்களோடு சண்டையும் போடலாம். ஆகவே முதல் ஸீஸனின் நடுவில் நின்றுகொண்டு, தொடர்வதா விடுவதா என்று கேட்பவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவன் தன் ஆயுளில் ஒரு பகுதியைப் பற்றிக் கேட்கிறான்.

கதை 2258இல் தொடங்குகிறது. மனிதர்களுக்கும் மின்பாரி என்ற இனத்துக்கும் நடந்த போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. பல இனங்களின் தூதுவர்கள் ஒரே கூரையின் கீழ் பேசித் தீர்த்துக்கொள்ள விண்வெளியில் ஒரு நிலையம். கால் மில்லியன் பேர் வசிக்கிற உலோக நகரம். இதற்கு முன் கட்டிய நான்கு நிலையங்களில் மூன்று நாசவேலையில் அழிந்தன. நான்காவது இயங்கத் தொடங்கிய 24 மணி நேரத்தில் காணாமற்போயிற்று. ஐந்தாவது இது. விண்வெளியில் ஓர் ஐ.நா. சபை என்று சொன்னால் பெரிய பிழை இல்லை. அதைப் போலவே இங்கும் பேச்சு அதிகம், காரியம் குறைவு.

இந்தத் தொடர் என்ன செய்ய முயன்றது என்பதை உணர, அன்றைய அமெரிக்க டெலிவிஷன் எதற்குப் பழகியிருந்தது என்று பார்க்க வேண்டும். முதல் 'ஸ்டார் ட்ரெக்' 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் ஓடி நிறுத்தப்பட்டது. அது பெரும் புகழ் அடைந்தது அதற்குப் பிறகுதான், 1970களின் மறு ஒளிபரப்புகளில். ஊர் ஊராக இருந்த நிலையங்கள் பழைய பகுதிகளை மொத்தமாக வாங்கி, நினைத்த நேரத்தில், நினைத்த வரிசையில் போட்டன. இந்த வியாபாரத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. எந்தப் பகுதியை முதலில் பார்த்தாலும் புரிய வேண்டும். அதனால் ஒரு பகுதியில் நடந்தது அடுத்த பகுதியைத் தொடக் கூடாது. கதாநாயகன் இந்த வாரம் காதலியைப் பறிகொடுப்பான். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டு வருவான். டெலிவிஷன் பாத்திரங்களுக்கு ஞாபகசக்தி இல்லாமற்போனது எழுதியவர்களின் அசட்டையால் மட்டும் நேர்ந்ததல்ல. மறதி லாபகரமாக இருந்தது. மாலை நேரத்து ஸோப் தொடர்களில் கதை வாரா வாரம் நீண்டதுண்டு. ஆனால் அங்கே முடிவு என்ற ஒன்று யாருடைய மனதிலும் இருந்ததில்லை. தொடக்கம், நடு, முடிவு என்று ஐந்து வருஷங்களுக்கு ஒரே நாவலாக டெலிவிஷனில் எழுதுவேன் என்று ஸ்ட்ரஸின்ஸ்கி சொன்னபோது, அவர் இந்த மறதியின் வியாபாரத்துக்கு எதிராகத்தான் பேசினார். 110 பகுதிகளில் 92ஐ அவரே எழுதினார். மூன்றாம், நான்காம் ஸீஸன்களில் வேறு யாருடைய எழுத்தும் இல்லை.

மெதுவான தொடக்கங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. 1987இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் இரண்டு ஸீஸன்கள் தள்ளாடியது. எழுத்தாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வந்தது; இரண்டாம் ஸீஸன் சுருங்கி, பழைய காட்சிகளை ஒட்டித் தயாரித்த ஒரு பகுதியோடு முடிந்தது. 1989இல் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை ஏற்ற பிறகு தொடருக்குத் தன் குரல் கிடைத்தது. இது தேடுகிறவனின் தாமதம். இங்கே முதல் இரண்டு ஸீஸன்களைத் தாண்டிப் போய் மூன்றாவதில் உட்கார்ந்தால் பெரிய நஷ்டம் கிடையாது. பின்னால் வந்த நல்ல பகுதிகள் முன்னால் வந்த சுமாரான பகுதிகளின் மேல் நிற்கவில்லை. பொறுமையாகப் பார்த்தவனுக்கும் தாண்டிப் போனவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் கிடைக்கிறது. 'பாபிலன் 5'இன் தாமதம் வேறு. இங்கே முதல் ஸீஸன் அஸ்திவாரம். அஸ்திவாரம் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் வீடு எழும்புமா என்று தெரியாத நிலையில், தோண்டிய குழியைக் காட்டி எவ்வளவு காலம் ஒருவனை நிற்க வைக்க முடியும்?

முதல் ஸீஸனின் குறைகளை மறைக்க நான் தயாராயில்லை. வசனங்கள் பல இடங்களில் மேடைப் பேச்சு. விண்கலங்களைச் சிறு மாதிரிகள் செய்து படம் பிடிக்காமல் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். அது அன்று துணிச்சல். இன்று பார்க்கிற கண்ணுக்குப் பிளாஸ்டிக். அரங்கின் சுவர்கள் அரங்கின் சுவர்களாகவே தெரிகின்றன. புதைபொருளிலிருந்து கிளம்பிய ஆயுதம் மனித உடம்புக்குள் புகுந்து நிலையத்தில் அட்டகாசம் செய்கிற பகுதி, எந்த மலிவான விஞ்ஞானப் பத்திரிகையிலும் கிடைக்கக்கூடியது. 'டி.கே.ஓ.' என்று ஒரு பகுதி. பூமியிலிருந்து வந்த குத்துச்சண்டைக்காரன் வேற்று இனத்தாரின் மல்யுத்தப் போட்டியில் இறங்குகிறான். ஸீஸனின் மிகப் பலவீனமான பகுதி எதுவென்று கேட்டால் பலரும் கைகாட்டுவது இதைத்தான். அவர்களோடு எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் தொடர்ந்து பார்ப்பது என்று நான் தீர்மானித்தது இந்தப் பகுதியில்தான். காரணம் சண்டை அல்ல. அதே பகுதியில், பக்கத்தில், சத்தமில்லாமல் இன்னொரு கதை நடக்கிறது. நிலையத்தின் இரண்டாவது அதிகாரி சூசன் இவானோவா, ரஷ்ய யூதப் பெண். அவளுடைய குடும்பத்துக்கு வேண்டிய ஒரு ராபி பூமியிலிருந்து துக்கம் விசாரிக்க வருகிறார். தகப்பன் இறந்து நாளாகிவிட்டது. யூத வழக்கப்படி மகள் துக்கத்தில் உட்காரவில்லை. உட்கார மறுக்கிறாள். தனக்கு அன்பைக் காட்டாத அப்பனுக்காக அழ அவளுக்கு மனமில்லை. கடைசியில் உட்காருகிறாள். அந்தத் தகப்பன் எப்போது இறந்தான் என்று பார்த்தால் பதினோரு பகுதிகளுக்கு முன்னால், மூன்றாம் பகுதியில். அங்கே அவள் உயர் அதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய தகவல் இணைப்பைத் திருட்டுத்தனமாக உபயோகித்துச் சாகிற தகப்பனோடு பேசுகிறாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறக்கிறான். வழக்கமான டெலிவிஷனில் அந்த மரணம் அந்த வாரத்தோடு அடக்கமாகியிருக்கும். இங்கே பதினோரு பகுதிகள் ஒரு மகள் அதைச் சுமந்துகொண்டு, வேலை பார்த்துக்கொண்டு, சிடுசிடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நமக்குக் காட்டப்படாத நேரத்திலும் அவள் இருந்திருக்கிறாள்.

என் அளவுகோலை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு தொடர் வேகமாகப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் பாத்திரங்களுக்கு நேர்ந்ததை அது மறக்கவில்லை என்றால், நாம் அதற்குக் கொடுத்த நேரத்தையும் மறக்காது என்று எதிர்பார்க்க இடமுண்டு. ஞாபகம் இல்லாத தொடர் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், நாம் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குகிறோம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் அத்தியாயக் கடைசியில் யாரோ கதவைத் தட்டுவார்கள். அடுத்த இதழில் திறந்தால் பால்காரன் நிற்பான். அது வேகம்தான். அந்த வேகத்தில் எதுவும் சேர்வதில்லை.

முதலிலேயே போட்டது எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். நிலையத்தில் இரண்டு தூதுவர்கள். லாண்டோ மொலாரி, தேய்ந்துவரும் சென்டாரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தவர். ஜி'கார், ஒரு காலத்தில் அந்த சாம்ராஜ்யத்துக்கு அடிமைப்பட்டிருந்த நார்ன் இனத்தைச் சேர்ந்தவர். தொடரின் முதல் பகுதியில் லாண்டோ தன் கனவைச் சொல்கிறார். அவருடைய இனத்தாருக்குத் தங்கள் சாவு கனவில் தெரியவருவதுண்டு. இருபது வருஷம் கழித்து, கிழவனாக, அவர் கைகள் ஒருவனின் கழுத்தில். அவன் கைகள் இவர் கழுத்தில். அவன் ஜி'கார். 1994 ஜனவரியில் இதைக் கேட்கிறவனுக்கு இரண்டு பகைவர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்ப்பார்கள் என்ற பழைய சமாசாரம்தான் தோன்றும். அப்போது லாண்டோ ஒரு கோமாளி. குடிப்பார், சூதாடுவார், பழம்பெருமை பேசுவார். பதின்மூன்றாம் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து அவரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறான். சாம்ராஜ்யம் பழைய மகிமையை அடைய வேண்டும் என்று சொல்கிறார். அந்தப் பதில் இரண்டாம் ஸீஸனில் ஜி'காரின் கிரகத்தையே நாசமாக்குகிறது.

மூன்றாம் ஸீஸனில், 1996 மேயில், காலத்தில் முன்னால் சென்று அந்தச் சாவைப் பார்க்கிறோம். லாண்டோ சக்கரவர்த்தியாகியிருக்கிறார். அவர் தோளில் ஒரு ஜந்து ஒட்டிக்கொண்டு அவரை ஆட்டிவைக்கிறது. மது குடித்தால் மட்டும் அது சிறிது நேரம் தூங்கும். அந்த இடைவெளியில் கைதிகளைத் தப்பவிடுகிறார். பிறகு, ஜந்து விழித்துவிட்டால் அவர்களை அவரே பிடித்துக் கொடுக்க நேரும் என்பதால், தன்னைக் கொன்றுவிடும்படி ஜி'காரிடம் கேட்டுக்கொள்கிறார். ஜி'கார் கழுத்தை நெரிக்கும்போது ஜந்து விழிக்கிறது. லாண்டோவின் கைகள் அவரை மீறி எழுந்து ஜி'காரின் கழுத்தைப் பிடிக்கின்றன. கனவில் சொன்ன காட்சி ஒரு விரல்கூட மாறாமல் வருகிறது. ஆனால் கொலை என்று நினைத்தது கருணையாக இருக்கிறது. பகைவன் என்று நினைத்தவன், உயிரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியவனாக இருக்கிறான். காட்சி மாறவில்லை. இடையில் போன இரண்டு வருஷங்கள் அதன் அர்த்தத்தை மாற்றிவிட்டன. இதைச் சுருக்கிச் சொல்ல வழியில்லை. நான் இப்போது சுருக்கிச் சொன்னேன்; படித்தவருக்குத் தகவல்தான் கிடைத்திருக்கும்.

இதெல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டத்தின் வெற்றி என்று ஒரு புராணம் உண்டு. சரித்திரம் அப்படி இல்லை. தொடரின் மையமே முதல் ஸீஸனோடு மாறிப்போயிற்று. நிலையத்தின் தளபதி ஸின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் விலகினார். இரண்டாம் ஸீஸனில் புரூஸ் பாக்ஸ்லெய்ட்னர் ஷெரிடன் என்ற புதிய தளபதியாக வந்தார். காரணம் வெகுகாலம் வெளிவரவில்லை. ஓ'ஹேர் 2012 செப்டம்பரில் இறந்தார். மறு வருஷம் ஸ்ட்ரஸின்ஸ்கி அதைச் சொன்னார். முதல் ஸீஸன் படமாகிக்கொண்டிருந்தபோது ஓ'ஹேர் கடுமையான மனநோயால், பிரமைகளால், அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். சிகிச்சைக்காகப் படப்பிடிப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க ஸ்ட்ரஸின்ஸ்கி முன்வந்தார். அப்படிச் செய்தால் தொடரே நின்று, மற்றவர்கள் வேலை இழப்பார்கள் என்று ஓ'ஹேர் ஒப்பவில்லை. ஸீஸனை முடித்துக் கொடுத்துவிட்டு விலகினார். சிகிச்சைக்குப் பிறகு, 1996இல், தன் பாத்திரத்தின் கதையை முடித்துவைக்கத் திரும்பி வந்தார். முதல் ஸீஸனில் நான்காவது நிலையம் மர்மமாகத் தோன்றி மறைகிற பகுதி ஒன்று உண்டு. அதே சம்பவத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிற இரண்டு பகுதிகளுக்காகத்தான் அவர் வந்தார். மேலே சொன்ன லாண்டோவின் சாவும் அவற்றில்தான் வருகிறது.

முதல் ஸீஸனில் ஓ'ஹேரின் நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்ற புகார் பழையது. இப்போது தெரிந்த உண்மை அந்த நடிப்பைச் சிறந்த நடிப்பாக்கிவிடாது. இரக்கம் ஒரு விமர்சன அளவுகோல் அல்ல. ஆனால் ஒரு படைப்பு தன் கைக்கு வந்த விபத்தை என்ன செய்கிறது என்பது விமர்சனத்துக்கு உட்பட்ட விஷயம். எந்த நடிகர் எப்போது போனாலும் கதையைக் காப்பாற்ற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு இரகசிய வாசல் வைத்திருந்ததாக ஸ்ட்ரஸின்ஸ்கி சொல்லியிருக்கிறார். அந்த வாசல்கள் பல தடவை உபயோகப்பட்டன. திட்டம் உடைந்தது, மாறியது. ஆனால் சொன்னதைச் சொல்லாததாக்கவில்லை. 1994இல் போட்ட முடிச்சை, கை மாறி, ஆள் மாறி, 1996இல் அவிழ்த்தார்கள். திட்டம் என்பதைவிட ஞாபகம் என்று நான் சொல்வது இதனால்தான். திட்டம் கடவுளுக்கு இருக்கலாம். எழுதுகிறவனுக்கு வாய்ப்பது, எழுதியதற்குக் கட்டுப்படுவது.

பார்வையாளனின் பொறுமையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிச் சரித்திரம்தான். பொறுமை பணம் போடுகிறவனுக்கும் வேண்டும். 'பாபிலன் 5'ஐ ஒளிபரப்பிய பி.டி.ஈ.என். என்ற அமைப்பு 1997இல் மூடப்பட்டது. ஐந்தாம் ஸீஸன் கிடைக்காது என்ற பயத்தில் நான்காவதில் கதையை நெருக்கிக் கட்டினார்கள். கடைசிப் பகுதியையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். பிறகு டி.என்.டி. என்ற கேபிள் நிறுவனம் ஐந்தாம் ஸீஸனை வாங்கியது. எடுத்துவைத்த முடிவை ஒதுக்கிவைத்து, இடையில் இன்னொரு 22 பகுதி நிரப்ப வேண்டியதாயிற்று. விளைவு, நான்காவது மூச்சு முட்ட ஓடுகிறது. ஐந்தாவது, குறிப்பாக அதன் முற்பாதி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நடக்கிறது. இந்த இரண்டாவது மந்தத்தை நான் ஆதரிக்கவில்லை. அது சேமிப்பின் மந்தம் அல்ல, செலவழித்துத் தீர்ந்துபோனதன் மந்தம். 1998 நவம்பர் 25இல் ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் இவானோவா இருக்கிறாள். ஐந்தாம் ஸீஸன் முழுவதும் அவள் இல்லை. அந்த நடிகை விலகிவிட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம் என்பதால் அவள் அங்கே இருக்கிறாள். வியாபாரத்தின் குளறுபடி தொடரின் முகத்தில் இப்படித் தழும்பாக நிற்கிறது.

பொறுமையே காட்டாத முதலீட்டுக்கும் உதாரணம் உண்டு. 2002இல் 'ஃபயர்ஃப்ளை' என்ற விஞ்ஞானக் கதைத் தொடரின் இரண்டு மணி நேரத் தொடக்கம் மெதுவாக இருப்பதாகக் கருதி, ஃபாக்ஸ் நிறுவனம் அதை ஒதுக்கிவிட்டு வேகமான வேறொரு பகுதியைக் கேட்டு வாங்கி முதலில் போட்டது. பகுதிகள் வரிசை கலைந்து வந்தன. பாத்திரங்கள் யார், எப்படிச் சேர்ந்தார்கள் என்று சொல்கிற முதல் பகுதி, தொடர் நிறுத்தப்படுகிற டிசம்பரில் கடைசியாக ஒளிபரப்பாயிற்று. எடுத்தவை 14, அந்த வருஷம் காட்டியவை 11. மெதுவான தொடக்கத்தைத் தூக்கிவிட்டால் வேகமான தொடக்கம் கிடைக்கும் என்பது வியாபாரியின் கணக்கு. கிடைத்தது தொடக்கமே இல்லாத ஒரு தொடர்.

இன்று எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் கையில் கிடைக்கின்றன. ஒளிபரப்பு நிலையம் அன்று செய்த வேலையைப் பார்வையாளன் தானே செய்துகொள்கிறான். முதல் ஸீஸனில் இந்த ஐந்தைப் பார், மற்றதை விடு என்று ஜாபிதாக்கள் கைமாறுகின்றன. 'பாபிலன் 5'க்கும் அப்படி உண்டு. அவற்றில் 'டி.கே.ஓ.' பெரும்பாலும் விடவேண்டிய வரிசையில்தான் இருக்கும். கதைக்கு அது தேவையில்லை என்பது சரிதான். அதை விட்டவனுக்கு எந்த முடிச்சும் புரியாமற்போகாது. ஒரு மகள் தன் தகப்பனுக்காகத் துக்கத்தில் உட்கார்ந்தது மட்டும் அவனுக்குத் தெரியாது. கதையைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் அவன் செய்தது புத்திசாலித்தனம். இன்னும் புத்திசாலியாக இருந்தால் யாரையாவது கேட்டு 110 பகுதிகளையும் பத்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எத்தனை பகுதி பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. மூன்றாம் பகுதியில் ஒருவர் இறந்தால், பத்தாம் பகுதிக்குள் யாராவது அவரை நினைக்கிறார்களா, பதினைந்துக்குள்ளாவது நினைக்கிறார்களா என்று கவனிக்கச் சொல்வேன். இல்லையென்றால் எவ்வளவு புகழ் பெற்ற தொடரானாலும் எழுந்து போய்விடலாம்; குற்றமில்லை. நினைத்தால், அரங்கின் சுவர் ஆடினாலும், வசனம் பிரசங்கமானாலும், இன்னும் கொஞ்சம் உட்காரலாம். நான் உட்கார்ந்தேன். ஐந்தாம் ஸீஸனின் முற்பாதியில் சலிப்போடு உட்கார்ந்தேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 மணி நேரத்தில் 15 மணியாவது வீண் என்பேன். மிச்சம் 65.